இடைக்கதவின் தாழ்ப்பாள்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கல்லோடு கல் உரசுகிற சத்தம்.

குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு அடுக்களையில் எட்டிப் பார்த்தேன். இடைக்கதவை ஒட்டி நான் தள்ளி வைத்திருந்த அம்மிக்கல், தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

"யாரு?" என்று கத்தினேன்.

கல் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். பிறகு வீட்டுக்காரர் பூதலிங்கம் பிள்ளையின் குரல்.

"பயப்படாண்டாம் மக்களே. பூனையாக்கும்."

அம்மியைத் தள்ளுகிற பூனை!

அவர்கள் வீட்டையும் எங்கள் பகுதியையும் பிரிப்பது அந்த ஒரு கதவுதான். தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருந்தது. போன வாரம் பிள்ளை வந்து, "துருப்பிடிச்சுப் போச்சு, ஆசாரிகிட்ட கொடுத்துச் சரியாக்கித் தாறேன்" என்று பெயர்த்துக்கொண்டு போனார். என் புருஷன் பொன்முடி எஸ்டேட்டில் கிளார்க். மாதக் கடைசியில்தான் பஸ் பிடித்து வருவார். அது பிள்ளைக்கும் தெரியும்.

காலையில் வேறு தாழ்ப்பாள் வாங்க, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். திரவியம் நாடாரின் பழைய இரும்புக் கடையில் குவியலைக் கிளறினால், எங்கள் தாழ்ப்பாளே கிடக்கிறது! எங்கள் கதவின் பச்சைப் பெயின்ட் அதில் அப்படியே இருந்தது. பெயர்த்ததில் குமிழ் மட்டும் உடைந்திருந்தது. ஆசாரியாவது ஒன்றாவது! தன் பலசரக்குக் கடையின் கிழிந்த சாக்கைக்கூட விற்றுக் காசாக்குகிற மனிதர், இதையும் விட்டுவைக்கவில்லை.

கையில் எடுத்தேன். இன்னொரு கை மறுமுனையைப் பிடித்தது.

பிள்ளையின் சம்சாரம், நீலாம்பாள்.

"விடு பிள்ளே. இது எங்க வீட்டுச் சாமான்."

"முதல்லே எடுத்தது நான், அக்கா."

"வாடகைக்கு இருக்கப்பட்டவளுக்கு இதிலே என்ன அவகாசம், என்ன பாத்தியதை?"

"கதவு உங்களுது. கதவுக்கு உள்ளே படுத்துத் தூங்குறது நானில்லையா?"

கடையைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. திரவியம் நாடார் கையைப் பிசைந்தார். "அம்மா, இதென்ன தங்கமா? வேறே நல்லதா எடுத்துத் தாறேன், கேட்டோ."

"எனக்கு இதுதான் வேணும்" என்றேன்.

"எனக்கும் இதுதான் வேணும்" என்றாள் அவள். "கான்வென்ட்டிலே படிச்சவளாம்! நடுத்தெருவிலே நின்னு கத்துறதுக்குத்தான் அங்கே சொல்லித் தந்தாவளா?"

"அங்கே பாட்டுதான் சொல்லித் தந்தாங்க. கத்தறதுக்கு உங்க வீட்டுக்கு வந்துதான் படிச்சேன்!"

யாரோ சிரித்தார்கள். அவள் முகம் கறுத்தது. வெடுக்கென்று இழுத்தாள். நானும் விடவில்லை. குமிழ் இல்லாத தாழ்ப்பாள் அல்லவா, கம்பி உருவிக்கொண்டு என் கையோடு வந்துவிட்டது. கூடு அவள் கையில்.

"போச்சு! ஒண்ணில்லாம ஒண்ணு ஆகாதே" என்று தலையில் கை வைத்தார் நாடார்.

"ஆகாட்டிப் போகட்டும். அவளுக்கும் கிடைக்காதில்லா?" கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு, கூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள் நீலாம்பாள்.

எனக்கு ஆத்திரத்தில் கண் இருண்டது. புருஷன் செய்வது பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே காவல் நிற்கிறாள். இவளும் ஒரு பெண்பிள்ளை!

சாயங்காலம் அம்மியை மறுபடி கதவோடு சேர்த்துத் தள்ளினேன். குழந்தையைத் தூரத்தில் கிடத்தினேன். அந்தக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் வந்தால் என்ன? கையில் இரும்பு இருக்கிறது.

இருட்டியதும் அம்மி நகர்ந்தது.

"வந்தா மண்டை உடையும்!" என்று கத்தினேன். "யாரானாலும் சரி!"

கதவு இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது நீலாம்பாள். ஒரு கையில் சுத்தியல், மறுகையில் தாழ்ப்பாளின் கூடு, வாயில் ஆணிகள்.

ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். "மண்டையைப் பிறகு உடைக்கலாம். விளக்கைக் கொஞ்சம் பிடி. எங்க வீட்டு அவிய கடையை அடைச்சுட்டு வாறதுக்குள்ளே முடிக்கணும்."

"நீங்க... காலையிலே அப்படிச் சண்டை போட்டீங்களே?"

"நானும் அதைத் தேடித்தான் நாடார் கடைக்கு வந்தேன். நீ வாங்கிட்டுப் போனா அவிய காதுக்கு எட்டி, இன்னிக்கே வேறே வழி பண்ணியிருப்பாவ. உங்கிட்டேருந்து நான் பிடுங்கிட்டேன்னு சாலை பூரா பேசணும். பேசிச்சா இல்லையா? மத்தியானம் சாப்பிட வந்தவிய, எனக்குச் சபாஷ் சொல்லிட்டுப் போயிருக்காவ."

நான் விளக்கைப் பிடித்தேன். அவள் சுத்தியல் ஓர் அடிகூடப் பிசகவில்லை. கடைசி ஆணி இறங்கும்போது அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்.

"நீலாம்பா! எங்கே போய்த் தொலைஞ்சே?"

"சீக்கிரம் போங்க அக்கா. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் போட்டுக்கறேன்" என்றேன்.

"அந்தப் பக்கம் நான் பட்டது போதும், பிள்ளே."

என் கையிலிருந்த கம்பியை வாங்கினாள். கூட்டில் செருகி, புருஷன் கூப்பிடக் கூப்பிட, உள்ளே நின்றபடியே தாழ்ப்பாளைப் போட்டாள்.