பளிங்குத் தண்ணீர்

கழிமுகத்தில் அலையாத்தி வேரைப் பற்றியிருந்த சிப்பி, நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தது.

"உன் புண்ணியத்தில் தண்ணீர் பளிங்காயிருக்கிறது, அக்கா! நோய்க்கிருமி ஒன்றைக்கூடக் காணோம்" என்றது பக்கத்தில் மேய்ந்த மடவை மீன்.

சிப்பி பூரித்துப்போனது. பிறகு குழம்பியது. "அதெல்லாம் எங்கே போயிருக்கும்?"

"என்னைக் கேட்டால்?"

அப்போது பசியோடு வந்த நண்டு, கொடுக்கால் சிப்பியின் வாயை நெம்பியது. 'தொலைந்தேன்' என்று சிப்பி நடுங்கியது. உள்ளே முகர்ந்த நண்டு, "சீ, மொத்தக் கிருமியும் இங்கேதான் குடியிருக்கிறது!" என்று கொடுக்கைச் சேற்றில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டது.

உயிர் பிழைத்ததற்குச் சிரிப்பதா அழுவதா என்று சிப்பிக்கு விளங்கவில்லை. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று மடவையைப் பார்த்தது.

"நீ வேலையைப் பார், அக்கா" என்றபடியே மடவை நாலு முழம் தள்ளிப்போய் மேயத் தொடங்கியது.