ஒயரில் இருநூறு

“மருமக கம்ப்யூட்டருக்குப் போற ஒயரைப் பிடுங்கிட்டா என் ரூமுக்கு நெட் வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க” என்றார் மாமனார்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நெட்காரர் நிமிர்ந்து பார்த்தார். “உள்ளே வந்து பார்த்துட்டுச் சொல்றேனே சார்.”

மருமகள் கிளம்பிப்போய் ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. தினமும் நாலு மணியை ஒட்டி, “கொஞ்சம் நடந்துட்டு வரேன் மாமா” என்று போய்விடுவாள். ஐந்து மணிக்குத்தான் தலை தெரியும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவளுக்கு நடுவில் அப்படியென்ன நடை என்று அவருக்கு ஓர் எரிச்சல். இன்று அதுவே வசதியாகப் போயிற்று.

“கம்ப்யூட்டரை ஓடவிட்டுட்டுப் போயிடறா. அது உட்கார்ந்து எல்லாத்தையும் உறிஞ்சுது. நாலு மணிக்கு நான் போனை எடுத்தா படம் அப்படியே நின்னுடுது.”

“யார்கூட சார் பேசுவீங்க?”

“எங்க அக்காகூட. அவளுக்குக் காது போயிடுச்சு. என் உதட்டைப் பார்த்துதான் பேச்சைப் பிடிப்பா. படம் நின்னா அவளைப் பொறுத்தவரை நான் ஊமை. நேத்து, ‘விடுடா, இனிமே கடுதாசி போடு’ன்னுட்டா.”

காலையிலேயே மகனிடம் சொல்லியாயிற்று. சாயங்காலத்துக்குள் அந்த ஒயர் போக வேண்டும், இல்லையென்றால் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று. சொன்ன பிறகு, அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமா என்று அவருக்கே தோன்றியது. ஆனால் வாயைவிட்டு வந்ததை எப்படித் திரும்ப எடுப்பது?

நெட்காரர் மருமகளின் கம்ப்யூட்டரிலிருந்து ஒயரைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகினார்.

“ஸ்பீடு இருநூறு.”

பிறகு மாமனாரின் அறைக்குள் போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய போனில் பார்த்தார்.

“ஆறு.”

“பார்த்தீங்களா? அவளுக்கு இருநூறு, எனக்கு ஆறு. என்ன ஒரு பங்கு பிரிப்பு.”

“அவசரப்படாதீங்க சார். இப்ப அவங்க கம்ப்யூட்டர்ல ஒயரே இல்ல, நான் கழட்டிட்டேன். அப்பவும் உங்களுக்கு ஆறுதான் வருது.”

போனோடு அறைக்கு வெளியே இரண்டடி வைத்தார். “நூத்தி எழுபது.” மறுபடி உள்ளே வந்தார். “ஆறு.” கதவோரச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற, கண்ணாடி பதித்த இரும்பு பீரோவைத் தட்டினார். “இது எப்ப இங்க வந்தது?”

“போன மாசம். ஜன்னலை மறைக்குதுன்னு நான்தான் இழுத்துப் போட்டேன்.”

“படம் நிக்க ஆரம்பிச்சது எப்ப?”

“அதுவும் போன மாசம்...” அவர் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒயர்ல வர்றதுக்குத் தொல்லை இல்ல சார். காத்துல வர்றதை இரும்பும் கண்ணாடியும் வழிமறிச்சுடும்.”

இருவரும் மூச்சைப் பிடித்து பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளினார்கள். நாலு மணிக்கு அக்கா திரையில் வந்தாள். அவர் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்தார். படம் நிற்கவில்லை.

“ஏண்டா, மீசையை ஒரு பக்கம் தூக்கலா வெட்டியிருக்க?” என்றாள் அக்கா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தார்.

நெட்காரர் கிளம்புவதற்கு முன் ஒயரையும் இன்னொரு முறை சோதித்தார். புருவம் சுருங்கியது.

“சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா? இங்க ரெண்டுதான் காட்டுது.”

“இருநூறுன்னீங்களே?”

“கால் மணி முன்னாடி இருநூறு. இப்ப ரெண்டு.”

“அப்ப நான் சொன்னது சரிதானே? எனக்கு ஏறினதும் அவளுக்கு இறங்குது. இத்தனை நாளா என்னோடதைத்தானே தின்னுட்டு இருந்திருக்கா?” சொல்லும்போதே குரலில் பழைய வேகம் இல்லை.

நெட்காரர் லேப்டாப்பில் எதையோ திறந்து, மேலும் கீழும் தேடினார்.

“இது பழுது இல்ல சார். யாரோ போட்டு வெச்ச கட்டுப்பாடு. தினமும் நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இந்த ஒயருக்கு ரெண்டு மட்டும், மிச்சமெல்லாம் போனுக்குன்னு இருக்கு. அந்த ஒரு மணி நேரம் இங்க உட்கார்ந்து ஒரு வேலையும் பார்க்க முடியாது. வீட்ல இதையெல்லாம் மாத்தத் தெரிஞ்சவங்க யாரு?”

“மருமகள் மட்டும்தான்.” அவர் அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்தார். “அதான் அவ ஆபீஸ்ல மத்தவங்க ஆறு மணிக்கு முடிச்சா, இவ ஏழு வரைக்கும் உட்கார்ந்திருக்காளா?”

“எடுத்துடவா சார்? உங்க லைன் ரெண்டு பேருக்கும் தாராளமா போதும்.”

“இது எப்பலேர்ந்து இருக்கு?”

“ஒயர் போட்ட அன்னிக்கே போட்டிருக்காங்க. ஏழு மாசம் ஆச்சு.” நெட்காரர் திரையை அவர் பக்கம் திருப்பினார். “பேர்கூட வெச்சிருக்காங்க பாருங்க. ‘மாமா அவங்க அக்காகூட பேசற நேரம்’னு.”