அவிழ்த்துவிடும் நொதி

இந்தக் காலத்து டாக்டர்கள் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் காட்டியே ஆளை அனுப்பிவிடுகிறார்கள் என்று மாரப்பன் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். இன்றைக்கும் படம்தான். பின்னிக் கிடந்த நாடாச்சுருள் போல ஒன்று. அதன் மேல் இன்னொன்று குந்தியிருந்தது.

"இது பாஸ்படேஸ்னு ஒரு நொதிங்க ஐயா," என்றார் டாக்டரம்மா. "உடம்போட காவல்காரங்களை அவுத்துவிடுறது இதோட வேலை. உங்க மாத்திரை, மேல இருக்குற இந்த இன்னொரு புரதத்தோட சேர்ந்து இந்த நொதி மேல உக்காந்து, அவுக்க விடாமப் பிடிச்சுக்கும். மாத்திரை இல்லைன்னா காவல்காரங்க கிளம்பிவந்து, உங்க வீட்டம்மா குடுத்த கிட்னியை வேத்தாள்னு அடிப்பாங்க. இப்ப அடிச்சிட்டிருக்காங்க. ரத்தத்துல மருந்தே இல்லை."

"அதெப்படிங்க இல்லாமப் போகும்?" மனைவி பாப்பாத்தி சண்டைக்கு நின்றாள். "ரெண்டு வேளையும் நாந்தானுங்க தண்ணி மோந்து குடுக்கறேன். என் கண்ணு முன்னாலதான் முழுங்கறாரு. மொதல்ல உங்க மிசினைப் பாருங்க."

மாரப்பன் தரையைப் பார்த்தார். மாத்திரை போட்டால் கை நடுங்கியது. பந்தியில் அவர் ரசத்தைச் சிந்தியபோது, குடிகாரன் என்று சம்பந்தி சிரித்தார். அன்றிலிருந்து நாக்கடியில் ஒதுக்கிக் கொல்லையில் துப்பிவிடுகிறார். ஒன்றரை மாதம் ஆயிற்று.

"மிசினுக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார். "நாந்தான் துப்புனேன்."

பாப்பாத்தியின் கை தானாக இடது விலாவுக்குக் கீழே போய் நின்றது.

அட்மிஷன் சீட்டை வாங்கிக்கொண்டு மாரப்பன் முன்னால் நடந்தார். கையும் வாயும் இல்லாத ஒரு நாடாச்சுருள் யாரைப் போய் அவிழ்த்துவிடும்? அந்தப் படத்தை அவர் இப்போதும் நம்பவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கத்தான் முடியவில்லை.