நிருஷன் அனுப்பிய சோடா

கரவெட்டி மதுவிலக்கு மாதர் சங்கத் தலைவி இராசமலர், நடுமத்தியானத்தில் பியர் குடித்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் யாப்பு விதிகளில் தலைவிக்கான தகுதிகள் ஆறு. பியர் குடிக்கக்கூடாது என்பது அவற்றில் இல்லை. அதையும் எழுதிவைக்க வேண்டிவரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

சந்தியில் வரவிருந்த மதுக்கடைக்கு எதிரான மனுவோடு வந்த செயலாளர் பராசக்தி, வாசலிலேயே நின்றுவிட்டாள். சித்திரை வெயில் முதுகைச் சுட்டது. அவள் அசையவில்லை. மூக்கு மட்டும் வேலை செய்தது.

"என்னக்கா உது?"

"சோடா. உனக்கும் ஒரு வாய் தரட்டே, சக்தி? இந்த வெக்கைக்கு நல்லாயிருக்கு. மெல்லிசாப் புளிக்குது."

"என்ரை மனுசன் முப்பது வருசமாக் குடிக்கிறார். எனக்குச் சோடா காட்டுறியளோ? நாளைக்குப் பிரதேச செயலகத்திலை மனுக் குடுக்கப்போறம். தலைவியே போத்திலோடை இருந்தா ஊர் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். உது என்ரை நிருஷன் தன்ரை கையாலை செய்தது."

பராசக்தி உள்ளே வந்து மனுவை மேசையில் வைத்தாள்.

மகன் நிருஷன் ஜேர்மனிக்குப் போய்ப் பதினான்கு வருடம். அகதி வழக்கு முடியவில்லை. அவன் வர முடியாது. தாய்க்கு விசா இரண்டுதரம் மறுக்கப்பட்டது. அவன் சோடாக் கொம்பனியில் வேலை செய்கிறான் என்பது ஊரறிந்த செய்தி. விடுமுறையில் வந்த அவனுடைய சிநேகிதன்தான் நேற்று இந்தப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனான். லேபல் சுரண்டப்பட்டிருந்தது. சோடாவுக்கு அவ்வளவு கூச்சம் தேவையில்லை.

தொலைபேசி அடித்தது. நிருஷன்.

"அம்மா, குடிச்சனீங்களோ?"

"இப்பதான் மோனை. குளிரப்பண்ணி எடுத்தனான்."

"எப்பிடி?"

இராசமலர் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "நல்ல வெளிறின மஞ்சள். வாயிலை வைக்கப் புளிக்குது, விழுங்கினாப்பிறகு புளிப்பு நிக்கேல்லை. எலுமிச்சம்பழம் போட்டனியோ?"

"ஓ... ஓம் அம்மா."

"நல்லாச் செய்திருக்கிறாய்."

"சோடாதானேயம்மா, பெரிய வேலையே?" என்றான். "இன்னொருக்கா அனுப்பட்டே?"

"ஆரும் வந்தாக் குடுத்துவிடு ராசா. உன்ரை கைபட்டதெண்டு வாயிலை வைக்க, இவ்வளவு காலத்திலை உது ஒண்டுதான் வந்திருக்கு."

அவர் தொலைபேசியை வைத்தபோது பராசக்தியின் கோபம் இரக்கமாக மாறியிருந்தது. கதிரையை இழுத்துப்போட்டுக் கிட்ட இருந்தாள்.

"அக்கா, குறைநினைக்காதேங்கோ. உந்தப் பெடியன் உங்களை நல்லாப் பேய்க்காட்டுறான். உது சோடாவும் இல்லை, அவன்ரை கொம்பனி சோடாக் கொம்பனியும் இல்லை. தாய் இஞ்சை மதுவிலக்குத் தலைவி, மகன் அங்கை பியர் காய்ச்சுறான்! இப்பவே எடுத்துச் சொல்லுங்கோ, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு எண்டு."

இராசமலர் மனுவை இழுத்து, தலைவி என்று அச்சடித்த இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து வைத்தார். பிறகு கிளாஸில் மிச்சமிருந்த கடைசி மிடறை எடுத்து, விழுங்க மனமில்லாதவர்போல் வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"தெரிஞ்சுபோச்செண்டு சொன்னால்," என்றார், "இனி அனுப்பமாட்டானடி."