முன்வரிசைத் தலையசைப்பு

சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டையில் வாடகை மாடியொன்றில் ஞாயிறு ஆராதனை. காலை வெயில் முன்வரிசை வரை வந்து யோகத்தின் செருப்பைத் தொடுகிறது. பெற்ற பிள்ளையைப் போல அவள் ஊழியத்துக்கென்று வளர்த்தெடுத்த யதீசன், மைக்கை இறுகப் பிடித்துப் பிரசங்கிக்கிறான். "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, மகன் செத்த அன்னிக்கு பைபிளையே குப்பைத் தொட்டியில போட்டுட்டாங்க!" சபை உச்சுக்கொட்டுகிறது. ஊழியமே வேண்டாமென்று அவன் அழுத நாளில், அவனைத் தேற்றுவதற்காக அவனிடம் மட்டும் யோகம் சொன்ன அவளுடைய சொந்தக் கதை அது. ஏசியின் குளிர்காற்றில் படபடக்கும் வேதாகமத் தாள்களை உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறாள். "அந்தம்மாவுக்கு விசுவாசமே இல்ல லா, ஆன்ட்டி," என்று பக்கத்துப் பெண் அவளிடமே கிசுகிசுக்கிறாள். முதல் பிரசங்கத்திலிருந்தே யதீசன் இடையில் நிறுத்தி யோகத்தின் முகத்தைப் பார்ப்பான். அவள் தலையசைத்தால்தான் மேலே பேசுவான். இப்போதும் பார்க்கிறான். பழகிய தலை, அவளைக் கேட்காமலே அசைந்துவிடுகிறது. அவன் மேலே பேசுகிறான்.