பூந்தியின் மே மாதம்

தூக்கப்பெட்டியைத் துடைக்கப் போய், 'எழுப்பு' பொத்தானை அழுத்திவிட்டேன். ஆகஸ்ட் வரை உறங்க வேண்டிய எங்கள் நாய் பூந்தி, வேலூரின் மே மாதத்தில் எழுந்து கொட்டாவி விட்டது.

"கை பட்டுடுச்சாமே! அஞ்சு நிமிஷம் விடாம அமுக்கினாத்தான் அது திறக்கும்," என்றாள் மனைவி தாட்சாயணி. அவளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை.

வெயிலுக்குத் தப்ப ஊரிலுள்ள நாய்களெல்லாம் கோடை முழுக்கப் பெட்டியில்தான் உறங்குகின்றன. என் சின்ன வயதில் எங்கள் டைகர் குளியலறையில் ஈரச் சாக்கின் மேல் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும். பக்கத்தில் நானும் கிடப்பேன், நாக்கை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு. பூந்தியோடு எனக்கு அப்படி ஒரு கோடைகூட வாய்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் ரெஜினா வந்து, பூந்தியின் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"மறுபடி தூங்க வெச்சிடலாமா டாக்டர்?"

"பார்க்கலாம் சார்."

பூந்தியைப் பற்றி எதைக் கேட்டாலும் மூன்று வருடமாக இதே பதில்தான்.

"நேரா சொல்லுங்கம்மா. தாங்கிப்பேன்."

அவர் கருவியைக் காதிலிருந்து கழற்றினார்.

"வேணாம் சார். பதினாலு வயசு. இனிமே பெட்டியில படுத்தா எழுந்திருக்காது. அதுக்கு இந்த ஒரு கோடைதான். உங்ககூடவே இருக்கட்டும்."