மூன்றாம் ஓலை

இந்தத் தடவை சாமியார் அடுத்த வரிக்குப் போவதற்குள் எழுந்துவிட வேண்டும்.

அவள் காலை மடக்கித் தயாராக உட்கார்ந்திருந்தாள். அம்மா தோளோடு தோள் இடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். காவலுக்கு.

இன்று ஆக்னசம்மாள் திருநாள். சாமியார் பிரசங்கத்தில் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பதின்மூன்று வயதுச் சிறுமி. ரோமையில் பெரிய இடத்துப் பையன் பெண் கேட்டான். மாட்டேன் என்றாள். நகையைக் காட்டினார்கள், நெருப்பைக் காட்டினார்கள். மாட்டேன் என்றாள். கடைசியில் வாளைக் காட்டினார்கள்.

பெண்கள் பக்கம் முழுக்க மூக்கைச் சிந்தியது. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் மாட்டேன் என்றவளுக்காக அழுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயமாக இருந்தது.

இன்று மூன்றாம் ஓலை.

கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை ஓலையாக வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை. சாமியாரும் காத்திருப்பதில்லை.

முதல் ஞாயிறு அவள் தலை நிமிர்வதற்குள் அவர் பாடகர் குழு அறிவிப்புக்குப் போய்விட்டார். இரண்டாம் ஞாயிறு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

இதுவும் போனால் புதன்கிழமை தாலி.

மாப்பிள்ளை ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தான். விசைப்படகுக்காரர் மகன். பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய போனை வாங்கி, யார் யாரோடு பேசியிருக்கிறாள் என்று நிதானமாகப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கும்போது, நர்ஸ் படிப்பெல்லாம் இத்தோடு போதும் என்றான். அப்பா சிரித்தார்.

இவன் வேண்டாம் என்று அவள் அழுதாள். கல்யாணப் பெண் என்றால் அழத்தான் செய்வாள் என்றார்கள். அன்றிலிருந்து தனியாக வாசல்படி தாண்ட விடவில்லை.

நற்கருணை முடிந்தது. சாமியார் கண்ணாடியை மாட்டினார்.

“மரியதாஸ் கோமஸ், செலஸ்தீனா இவர்களின் மகள் செல்வி ரொசிட்டா...”

தன் பெயர் யாருடையதோ போல் கேட்டது.

“...தடை ஏதும் அறிந்தவர்கள்...”

எழுந்தாள்.

அம்மா அவள் சேலையைப் பற்றிக் கீழே இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

“தடை இருக்கு சாமி. எனக்குச் சம்மதமில்ல.”

குரல் கடைசி வரிசைவரை கேட்டது.

சாமியார் கையிலிருந்த தாளையே பார்த்தார். முப்பது வருடமாக வாசிக்கிறார். ஒருவரும் பதில் சொன்னதில்லை.

சற்று முன் அழுத பெண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திகூட நிமிரவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

அப்பா எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே நடுப்பாதைக்கு வந்தார். கோயிலுக்குள் யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

ஆறு வரிசை. ஐந்து. நான்கு.

அம்மாவும் எழுந்தாள். மகளைப் பிடித்து உட்கார வைக்கப் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். நடுப்பாதையில், அப்பா வரும் வழியில் நின்றாள்.